அர்ஜென்ட்டுக்குச் சாம்பல் நிறம்

தண்டலம் தாண்டியதும் பஸ்ஸில் முன்சீட்டு இளைஞன் சொன்னான்: "அர்ஜென்ட்னு வந்தா நான் படிக்கவே மாட்டேன்க்கா."

பாதித் தூக்கத்திலிருந்த நான் முழுசாக விழித்துக்கொண்டு, கண்ணை மட்டும் பாதி மூடியே வைத்தேன்.

அவன் பக்கத்தில் அவன் கம்பெனி எச்.ஆர். அக்கா. "இன்னாடா சொல்ற?"

"நான் மெயில் பாக்கறது கறுப்பு ஸ்கிரீன்ல, வெறும் எழுத்துலக்கா. எந்த வார்த்தை வந்தா எந்தக் கலருன்னு நானே எழுதி வெச்சிப்பேன். அர்ஜென்ட்டுக்குச் சிவப்பு வெச்சேன். கேன்டீன்ல சாம்பார் தீர்ந்தாக்கூட அர்ஜென்ட்னு அனுப்புறானுங்க. ஸ்கிரீனே கசாப்புக்கடை ஆயிடுச்சு. மங்குன சாம்பலுக்கு மாத்திட்டேன். இப்ப கண்ணுக்கே தெரியாது."

"பெரிய பெயின்டரு! ஊரே மவுஸைத் தட்டி மெயில் பாக்குது, இவரு மட்டும் கலர் அடிச்சிக்கினு கீறாரு. அதான் பர்மனென்ட் ஆர்டருக்கு நீ பதிலே போடலியா? இன்னிக்குச் சாயங்காலம் கடைசிடா!"

"ஆர்டரா? எனக்கு வரவே இல்லியே! தலைப்பு இன்னாக்கா போட்டீங்க?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ சீக்கிரம் பாக்கணும்னுதான்டா அப்டிப் போட்டேன்."

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நிற்பதற்குள் அவன் குதித்து ஓடினான். நான் இறங்க வேண்டிய பென்னலூர் எப்போதோ போயிருந்தது.