செனட்டர் நின்ற வாசல்

– கழுதைக்கு எதுக்குடி அரைத்துணி?

– ஊர்ச் சட்டம் அத்தை. சார்ல்ஸ்டன் தெருவுல விட்டை விழக் கூடாது. வால் பக்கம் இப்படித் துணி கட்டித்தான் வண்டியை எடுக்கணும்.

– எங்க காலத்துல கழுதை பாட்டுக்குப் போட்டுச்சு, நாங்க பாட்டுக்கு மிதிச்சோம். இதுக்குப் பேரு என்ன?

– செனட்டர்.

– செனட்டருக்கா அரைத்துணி! சரியாத்தான் கட்டியிருக்கீங்க. வாஷிங்டன்ல இருக்கறதுகளுக்கும் கட்டி விட்டா நாடு சுத்தமாகும்.

– மெதுவாப் பேசுங்க, ஆளுங்க ஏறப் போறாங்க. காலை இங்க வைங்க. அப்படித்தான். பின்னாடி வேண்டாம், என் பக்கத்துல முன் சீட்டுல உக்காருங்க.

– டெட்ராய்ட்ல முப்பத்தோரு வருஷம் காருக்குக் கதவு மாட்டினவ நான். என்னைக் கதவே இல்லாத வண்டியில ஏத்துறியே, டூக்கி.

– டூக்கின்னு கூப்பிடாதீங்க அத்தை. கைக்குழந்தையா கூடையில கிடந்தப்போ வெச்ச பேரு அது, வீட்டோட இருக்கட்டும். சட்டையில பாருங்க, ரோசலின்ட்னு தங்க நூல்ல எழுதியிருக்கு.

– அந்தக் கூடைப் பேரை வெச்சதே நான்தான். உங்கப்பன் ஃபோனை உன் வாய்கிட்ட வெச்சான். நீ டூக் டூக்னு என்னமோ சத்தம் போட்ட. டெட்ராய்ட்ல இருந்தபடியே பேரு வெச்சேன். சரி, எத்தனை மணிக்கு இறக்கி விடுவ? மூணு மணிக்கு வக்கீல் ஆபீஸ்ல இருக்கணும்.

– ஒரு மணிநேரச் சவாரிதான். ரெண்டேகாலுக்கு இறக்கி விடறேன். அதுவரைக்கும் பங்கை விக்கிற அந்தக் காகிதத்தைக் கையில எடுக்காதீங்க.

– பையிலதானே கிடக்கு. கடிக்கவா போகுது?

– கடிக்காது அத்தை, முழுங்கும். பெரிய தாத்தா உயில் எழுதாமப் போய்ச் சேர்ந்தாரு. வீடு நம்ம பதினோரு பேருக்கும் பொது. பத்துப் பேரு மாட்டேன்னு நின்னாலும் நீங்க ஒருத்தர் உங்க பங்கை வித்தாப் போதும். வாங்கினவன் நேரா கோர்ட்டுக்குப் போய் மொத்த வீட்டையும் ஏலத்துக்குக் கொண்டு வந்துடுவான். அப்புறம் நானும் என் பொண்ணுங்களும் எங்க போறது? அந்தத் தெருவுலயே நம்ம கறுப்பு ஜனங்க வீடு அது ஒண்ணுதான் மிச்சம்.

– எனக்கு எழுபத்தெட்டு வயசு. அறுபது வருஷமா நான் எட்டிப் பார்க்காத வீடு. இந்த ஊருல எனக்கு என்னடி இருக்கு?

– வாயால சொல்ல மாட்டேன், காட்டறேன். இருங்க, இப்போ பந்து உருட்டுவாங்க. பச்சை விழுந்தா நம்ம தெரு வழியாத்தான் போவோம்.

– எந்தத் தெருன்னு பந்தா சொல்லும்?

– ஆமா. எல்லா வண்டியும் மாளிகைத் தெருவுக்கே ஓடி முட்டிக்கக் கூடாதுன்னு நகரசபை வெச்ச குலுக்கல். எந்தக் கலரு விழுதோ அந்தப் பாதை. மாத்தி ஓட்டினா என் லைசென்ஸ் போச்சு. பச்சை... பச்சை... பச்சை...

– மஞ்சள்.

– எனக்கும் கண்ணு இருக்கு அத்தை.

– மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? மஞ்சள்னா எங்க?

– தெற்குப் பக்கம். பெரிய மாளிகை, கடற்கரைப் பூங்கா.

– ஓ. அந்தப் பக்கமா.

– வேணாம்னா இறங்கிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.

– ஏறினவ ஏறினவதான். ஓட்டு.

– எல்லாரும் வசதியா உக்காந்தாச்சா? நான் ரோசலின்ட், உங்க வழிகாட்டி. வண்டி இழுக்கறவரு செனட்டர். பக்கத்துல இருக்கறது எர்லீன், என் அத்தை. இன்னைக்கு எனக்கு மேலதிகாரி மாதிரி.

– நான் ஹாலரன். ஓஹையோவுல இருந்து வர்றோம். இது என் மனைவி, அவங்க ரெண்டு பேரும் அவளோட அக்காங்க. பேய் வீடு ஏதாவது காட்டுவீங்களா?

– பேய்க்கு வேற வண்டி சார், சாயங்காலம் கிளம்பும். இது பகல் வண்டி.

– இந்த ஊருல பகல்லயே நடமாடும். பயப்படாம உக்காருங்க, கடலை சாப்பிடுறீங்களா? உப்புப் போட்டு வேகவெச்சது.

– அத்தை, நான் பேசணும். எல்லாரும் இடது பக்கம் பாருங்க. சுவத்துல வட்டவட்டமா இரும்பு தெரியுதா? நிலநடுக்கத்துல ஊரே ஆடிப் போச்சு. ஒரு சுவத்துல இருந்து எதிர்ச் சுவருக்குக் கம்பியை விட்டு, முறுக்கி, வீட்டை நிமித்தி வெச்சாங்க. அதோட மண்டைதான் அது. புயலு, தீ, பீரங்கி, நடுக்கம், எதுக்கும் இந்த ஊரு படுத்ததில்ல.

– முறுக்கினது யாருன்னு சொல்லு.

– வர்றேன் அத்தை, அதுக்குத்தான் வர்றேன். சார், இந்த மாளிகையெல்லாம் எதுல கட்டினதுன்னு நினைக்கிறீங்க?

– செங்கல்தானே?

– அரிசி. சேத்துல நெல்லு விளைவிக்கிற வித்தை எசமானுங்களுக்குத் தெரியாது. அது தெரிஞ்ச கரை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. அங்க நெல்லு தெரிஞ்ச ஆளாப் பார்த்துப் பிடிச்சு, அடிமையாக் கப்பல்ல அடைச்சுக் கொண்டு வந்தாங்க. எங்க ஆளுங்க. வரப்பு போட்டவங்க அவங்க, மதகு வெச்சவங்க அவங்க, இந்தச் சுவத்தை எழுப்பினவங்களும் அவங்கதான். நீங்க பார்க்கறது எசமானுங்க ஊரு இல்ல. அவங்க குடியிருந்தாங்க, அவ்வளவுதான். ஊரு எங்களோடது.

– இதைச் சத்தமாவே சொல்றியாடி? இந்தத் தெருவுல?

– தினம் அஞ்சு தடவை அத்தை.

– ஜன்னலைத் திறந்து யாரும் கத்தறதில்லையா?

– ஒரு அம்மா கத்தினாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களே டிக்கெட் எடுத்து வந்து, முன் சீட்டுல உக்காந்து கேட்டாங்க.

– ஹூம்.

– என்ன ஹூம்?

– ஒண்ணுமில்ல. குரலு உங்கப்பனோடது இல்ல. அவன் முணுமுணுப்பான். ஏன் நிக்குது?

– செனட்டர்! இங்கயா? நடுத்தெருவுலயா? எல்லாரும் மன்னிக்கணும், ரெண்டே நிமிஷம். அவரு நின்னாருன்னா முடிக்காம நகர மாட்டாரு. ஹலோ, ஆபீஸா? மஞ்சள் பாதை, நாலாம் வண்டி. கொடி போட்டுட்டேன், தண்ணி லாரியை அனுப்புங்க.

– அது என்னங்க கொடி?

– துணி விட்டையைத்தான் சார் பிடிக்கும், மத்ததைப் பிடிக்காது. போன இடத்துல இந்தச் சின்னக் கொடியைப் போடணும். லாரி வந்து கழுவிட்டு எடுத்துக்கும். அத்தை, எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க? சீட்டே ஆடுது.

– இந்த வாசல்லயாடி! ஊருல இத்தனை வாசல் இருக்க இந்த வாசல்லயா! அதுக்கு ஒரு கேரட்டு வாங்கிக் குடு. என் காசு.

– ரோசலின்ட் மேடம், இந்த வீட்டுக்கு ஏன் ரெண்டு பக்கமும் படி? வலதுல ஒண்ணு, இடதுல ஒண்ணு, மேல போய்ச் சேருதே?

– நல்லாக் கேட்டீங்க சார். பழைய காலத்துல ஒரு படி ஆம்பளைக்கு, ஒரு படி பொம்பளைக்கு. ஏறும்போது பாவாடையைத் தூக்கினா கணுக்கால் தெரியும். எவனாவது கணுக்காலைப் பார்த்துட்டான்னா அந்தப் பொண்ணை அவனே கட்டிக்கணும்னு...

– அட, சும்மா இரு. கணுக்காலாம்! வாரத்துல ஆறு நாள் அந்தப் படியை முழங்கால் போட்டுத் தேய்ச்சவ நான். ரெண்டு பக்கத்தையும். ஆம்பளை அழுக்கு, பொம்பளை அழுக்குன்னு அங்க வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

– அத்தை? இந்த வீடா? நீங்க வேலை பார்த்த வீடு இதுவா?

– பதினஞ்சு வயசுல சேர்ந்தேன். தேய்க்கலாம், ஆனா அதுல ஏறக் கூடாது. எனக்குப் பக்கவாட்டுல ஒரு கதவு. அதோ, அந்தப் பூச்செடி வெச்சிருக்கான் பாரு, அங்க.

– அம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. பின்னாடி இவங்களுக்குக் கேக்கணுமாம்.

– கேளுங்க, கேளுங்க. அறுபத்தி மூணுல கடைத்தெருவுல ஒரு ஓட்டல். கறுப்பருக்கு உள்ள சாப்பாடு கிடையாது. நாங்க பள்ளிக்கூடத்துப் பசங்க பதினாறு பேரு உள்ள போய் மேஜையில உக்காந்தோம். காப்பி கேட்டோம். போலீஸ் வந்துச்சு. ஒன்பது நாள் ஜெயில்ல இருந்தேன். வெளியில வந்தா, இந்த வீட்டம்மா என் தம்பிகிட்ட, அதான் இவ அப்பன்கிட்ட, சொல்லி அனுப்பியிருக்கா. எர்லீன் இனிமே வேலைக்கு வேண்டாம், பக்கக் கதவு சாவியை மட்டும் கொண்டாந்து குடுக்கட்டும்னு.

– அப்பா என்கிட்ட இதைச் சொன்னதே இல்ல.

– சர்ச்சுக்குப் போடற நீல கவுனைப் போட்டேன். தொப்பி. வெள்ளைக் கையுறை. நேரா வந்து, அந்த வலது பக்கப் படியில ஏறி, மணி அடிச்சேன்.

– முன்வாசல்லயா!

– அவளே வந்து திறந்தா. மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு. "எர்லீன், பக்கவாட்டுல வா"ன்னா. "அது வேலைக்காரி வர்ற வழிங்க. என்னைத்தான் வேலையை விட்டு நிறுத்திட்டீங்களே. இப்போ நான் உங்களைப் பார்க்க வந்தவ"ன்னு சொல்லிச் சாவியைக் கையில குடுத்தேன்.

– என்ன சொன்னாங்க?

– அதைக் கேக்கவா நின்னேன்? திரும்பி, இடது பக்கப் படியில இறங்கினேன். பதினோரு படி. ஓடல. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு காலையும் வெச்சு நின்னு இறங்கினேன். தெருவே பார்த்துச்சு. ஓஹையோக்காரரே, ஆம்பளைப் படியில ஏறி பொம்பளைப் படியில இறங்கியிருக்கேன். கணுக்காலும் தெரிஞ்சுது. ஒருத்தனும் மயங்கி விழல, ஒருத்தனும் கட்டிக்கவும் இல்ல.

– கை தட்டறாங்க அத்தை. திரும்பிப் பாருங்க.

– தட்டட்டும், தட்டட்டும்.

– நீங்க பயந்து ஓடிப் போயிட்டீங்கன்னுதான் அப்பா சொன்னாரு.

– என் தம்பி எனக்கும் சேர்த்துப் பயந்தான். பாவம், அவன் இந்த ஊருல இருக்கணுமே. நான் டெட்ராய்ட்டுக்கு ரயில் ஏறினது இன்னும் எட்டு மாசம் கழிச்சு. அந்த எட்டு மாசமும் தினம் இந்தத் தெரு வழியாத்தான் நடந்தேன். சுத்துவழி, ஆனாலும் இதுலதான்.

– இனிமே அந்தக் கணுக்கால் கதையைச் சொல்ல மாட்டேன்.

– ஏன் விடணும்? அதைச் சொல்லு, சிரிப்பாங்க. சிரிச்ச வாய் மூடறதுக்குள்ள இதைப் போடு. போ, செனட்டர் முடிச்சிட்டாரு.

– அம்மா, அந்தப் பூங்காவுல பீரங்கி வெச்சிருக்காங்களே, அதைப் பத்தி...

– சார், வழிகாட்டி நான்தான். என்னையும் கொஞ்சம் கேளுங்க.

– நீங்க தப்பா நினைக்கக் கூடாது மேடம். என் மனைவி அவங்களைத்தான் கேக்கச் சொல்றா.

– பீரங்கி எனக்குத் தெரியாது, அதை இவகிட்ட கேளுங்க. எனக்கு அந்தப் புல்லுதான் தெரியும். வருஷத்துல ஒரே ஒரு நாள், ஜூலை நாலு, எங்களை உள்ள விடுவாங்க. எங்கம்மா தக்காளி போட்ட சிவப்புச் சோறும் நண்டும் கட்டிட்டு வருவா. மத்த முந்நூத்தி அறுபத்தி நாலு நாளும் அந்தப் புல்லு என்ன ருசின்னு செனட்டரோட தாத்தாவுக்குத்தான் தெரியும்.

– அத்தை, பீரங்கியை நான் சொல்லிடறேன். நீங்க மூச்சு விடுங்க.

– சொல்லு, சொல்லு. நல்லாத்தான் சொல்ற. நெல்லுக் கதை என்னைவிட நல்லாச் சொன்ன.

– நிஜமாவா?

– எனக்கு அது தெரியாதுடி. வெறும் கையோட வந்தோம்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. வித்தையோட வந்தோம்னு யாரும் சொல்லல.

– வந்தாச்சு. எல்லாரும் மெதுவா இறங்குங்க. படி உயரம், பார்த்து. ரொம்ப நன்றி.

– நன்றி நாங்கதான் சொல்லணும் மேடம். எர்லீன் அம்மா, நாளைக்கு என் தம்பி குடும்பம் வருது. எத்தனை மணி வண்டியில நீங்க இருப்பீங்க?

– அவங்க இந்த ஊரு இல்ல சார். நாளைக்கு ஊருக்குப் போறாங்க.

– அய்யோ, அப்படியா? நான் இங்க வேலை செய்யறவங்கன்னுல்ல நினைச்சேன். சரி, வர்றோம்.

– அத்தை. ரெண்டு இருபது ஆச்சு. அவங்க போயிட்டாங்க. நான் ஒரே ஒரு தடவை கேக்கறேன், அப்புறம் வாயே திறக்க மாட்டேன். வக்கீல் ஆபீஸ் அந்தத் திருப்பத்துலதான், நடந்தே போயிடலாம். ஆனா போகாதீங்க. பணத்துக்கு முடைன்னா நாங்க பத்துப் பேரும் சேர்ந்து ஏதாவது பண்றோம். என்ன, அந்தப் பக்கமே பார்த்துட்டிருக்கீங்க? நான் சொல்றது காதுல விழுதா?

– விழுது, விழுது. அங்க பந்து உருட்டுறான் பாரு, நாலு வண்டி நிக்குது, ரெண்டுலதான் ஆளு உக்காந்திருக்கு. டூக்கி, உங்க முதலாளி உள்ள இருக்காரா? எழுபத்தெட்டு வயசுல ஒருத்தி வந்திருக்கா, கழுதைக்குப் பயப்பட மாட்டா, வாய்தான் கொஞ்சம் நீளம்னு சொல்லி, எனக்கு ஒரு வேலை கேட்டுச் சொல்றியா?