சுமைதாங்கிக் கல்லின் நடுவே

எனக்கு உயரமான இடத்தில் உட்காருவது பிடிக்காது. இடது முழங்காலில் வாதம். ஏறவும் முடியாது, ஏறினால் இறங்கவும் முடியாது. வீட்டில் மச்சுக்குப் போயே வருஷக்கணக்காகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. கிள்ளிப்பாலத்துச் சுமைதாங்கிக் கல்லின்மேல் நான் ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்ததாகச் சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் ஏறவில்லை. இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள்.

நீங்கள் கோட்டாற்றுப் பக்கத்துக்காரர் என்றார்கள். சுமைதாங்கி உங்களுக்குப் புதிதில்லை. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கல் நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் யார் கையையும் எதிர்பார்க்காமல் அதில் சுமையைச் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன யாரோ ஒருத்தியின் நினைவாக வைத்த கல் அது. ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கிற சுமட்டுக்காரர்களுக்குக் கூட்டம் போட வேறு இடம் கிடையாது. அதனால் அதுவே எனக்கு மேடையாகிவிட்டது.

நான் சுமட்டுக்காரன் அல்ல. அழகியநம்பி என்றால் அந்தத் தெருவில் முன்பு ஒரு மொத்தக் கடையின் கணக்கப்பிள்ளை. முதலாளி ஒரு கிழட்டுத் தொழிலாளியைக் கன்னத்தில் அறைந்தபோது, ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். வேலை போயிற்று. மறுநாள் முதல் அவர்கள் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். பிறகு சங்கம் வந்தது, நான் தலைவனானேன். அந்தக் கேள்வியை நல்ல மனசோடுதான் கேட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

சாயங்காலங்களில் அவர்களுக்குச் சரித்திரக் கதைகள் சொல்வேன். ஒருநாள், தான் கொடுத்த உத்தரவுக்குத் தன் தளபதியைப் பழி சுமக்க விட்ட ஒரு ராஜாவின் கதையைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த சுமட்டுக்காரன் நேசையன் கேட்டான்:

"உத்தரவு ராஜாவோடதுதானே அண்ணாச்சி. பின்ன ஏன் கடைசி வரைக்கும் வாயத் தொறந்து மிண்டாம இருக்காரு?"

"மிண்டினா ராஜ்யம் போயிரும்லா," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நேசையன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கதையைக் கதையாகக் கேட்கத் தெரியாது.

யுத்தத்தில் பர்மா அரிசி வரத்து நின்று விலை ஏறிய பிறகுதான் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினோம். கல்லின்மேல் உட்கார்ந்து நான் சத்தியம் வாங்கினேன். முதலாளிகள் இறங்கி வரும்வரை பண்டகசாலையிலிருந்து ஒரு மூட்டைகூட வெளியே போகக் கூடாது, மீறுகிறவனுக்குக் கைவிலக்கு. இது நான் கண்டுபிடித்த தண்டனை அல்ல, அவர்கள் பாட்டன் காலத்து வழக்கம். அரிசி மூட்டையைத் தலையில் ஏற்ற இரண்டு பேர் கை வேண்டும், இறக்கவும் வேண்டும். கைவிலக்கு விழுந்தவனுக்கு யாரும் கை கொடுக்கமாட்டார்கள். அவன் சுமையை அவனே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேலைநிறுத்தம் நீண்டது. பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தன. நேசையன் எங்கெங்கோ அலைந்து, வித்துரா வரைக்கும் நடந்துபோய் மரச்சீனிக் கிழங்கு வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தான். அண்ணாச்சியிடம் கேட்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், நேசையனிடம் கேட்போம் என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

அவனுடைய பெண்சாதி ராகேல் உங்களிடம் சொன்னது உண்மை. சம்பவத்துக்கு முந்தின சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இரக்கப்பட்ட ஒரு வியாபாரி, பிள்ளைகளின் கஞ்சிக்காக ஒரு மூட்டை அரிசி தருவதாக நேசையனிடம் சொல்லியிருந்தார். எடுக்கலாமா என்று அவன் என்னிடம் கேட்டான். ராகேல் பால் விடாத கட்டன்சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"தர்மத்துக்குத் தாறதுதான் அண்ணாச்சி. ஆனா நம்ம ஆளுகளுக்கு அது தெரியாதுல்லா. கைவிலக்கு வந்துரப்பிடாது."

"நாளைக்குக் காலத்தே கூட்டத்துல நான் சொல்லிக்கிடுதேன். நீ போயி எடுத்துட்டு வா," என்றேன்.

சொல்ல வேண்டும் என்றுதான் மறுநாள் காலையில் போனேன். ஆனால் அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிய கூட்டம். பாலத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சத்தியத்தை மறக்கவில்லையே என்று கேட்டேன். இல்லை என்ற சத்தம் கரமனை வரை கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில், ஒரு மூட்டைக்கு மட்டும் நானே அனுமதி கொடுத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் நேசையன் வந்துவிட்டான்.

கடைப் பையன்கள் தூக்கிவிட்ட மூட்டையோடு வெயிலில் வந்துகொண்டிருந்தான். அவனும் பட்டினிதான், கால் பின்னியது. கூட்டம் அப்படியே அடங்கியது. முன்னால் நின்ற சூடாமணி என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்:

"அண்ணாச்சி, இவனுக்கு ஆரு அனுவாதம் கொடுத்தா?"

அனுமதி கொடுத்தவன் நான். எல்லா முகமும் என்னையே பார்த்தது. அத்தனை முகங்கள் ஒரே சமயத்தில் பார்ப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது, ஐயா. உங்களை அரசாங்கம் நியமித்தது. என்னை அந்த முகங்கள் நியமித்தன.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

கைகள் எல்லாம் கட்டிக்கொண்டன. நான் கட்டச் சொல்லவில்லை. நேசையன் ஒவ்வொருவனையும் பார்த்துக்கொண்டே வந்தான். கூட நடந்தவன், கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தவன், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் அழுததைக்கூடப் பார்த்தேன். ஆனால் ஒருவனும் கையை எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கைவிலக்கு விழுந்தவனுக்குக் கை கொடுத்தால் அவனுக்கும் அதே கதிதான்.

மூட்டையைக் கீழே தள்ளியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சுமட்டுக்காரன் சுமையைப் போடமாட்டான். அதுவும் பக்கத்தில் சாக்கடை ஓடுகிற இடத்தில், பிள்ளைகளின் கஞ்சிக்கான அரிசியை.

அவன் கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். அவன் முகம் என் முழங்காலுக்கு நேராக இருந்தது. நீங்கள் சொல்லித்தானே எடுத்தேன் என்று அவன் கேட்பான் என நினைத்தேன். கேட்டிருந்தால் நான் பொய்யன் என்று தெரிந்திருக்கும், சங்கம் உடைந்திருக்கும். அது அவனுக்கும் தெரியும். அதனால் அவன் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, இம்பிடு தள்ளி நீங்குங்க. களுத்து விட்டுப்போவும் போலிருக்கு," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் மிண்டவில்லை.

சும்மாட்டுக்குக் கீழே அவன் நெற்றி நரம்பு துடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு, தானே இறக்கிவிடலாம் என்று மெதுவாக முழங்காலை மடக்கினான். மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவன் அதை விடவில்லை. அதோடு சேர்ந்து விழுந்தான், கழுத்து அடியில் மாட்டிக்கொண்டது.

அப்போது எல்லாக் கைகளும் வந்தன. மூட்டையைத் தூக்க இரண்டு பேர் போதும். இருபது பேர் தூக்கினார்கள். மூட்டை பிரியவில்லை. மறுநாள் அந்த அரிசியில்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்தோம். எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தார்கள், குடித்தேன். அந்த வாரமே முதலாளிகள் பயந்துபோய்க் கூலியை ஏற்றினார்கள். நேசையன் உயிரோடு இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஏற்றியிருப்பார்களா என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

ராகேல் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "நீங்க சொல்லித்தானே அவிய போனாவ?" அவளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள்.

நீங்கள் இதை விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எப்படி எழுத முடியும்? கைகட்டி நிற்பது குற்றமில்லை. கல்லின்மேல் உட்கார்ந்திருப்பதும் குற்றமில்லை. நானும் இத்தனை நாளும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். முழங்கால் வாதக்காரன், யாராவது தூக்கினால்தான் இறங்க முடியும், அன்றைக்கு யாரும் தூக்கவில்லை, நான் என்ன செய்வேன் என்று.

ஆனால் நான் இறங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஐயா. அந்தக் கல் நீளமானது. ஒரு முழம் ஓரமாக நகர்ந்திருந்தால் மூட்டைக்கு இடம் இருந்தது. அவன் கேட்டதும் அவ்வளவுதான். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். நகர்ந்து நானே அவனுக்கு இடம் விட்டால், உத்தரவு கொடுத்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். அவன் கழுத்து ஒடிவதற்கு முன்பே இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

அடக்கம் முடிந்ததும் இரங்கல் கூட்டம் போட்டோம். என்னை அதே கல்லின்மேல் தூக்கி வைத்தார்கள். நேசையனுக்காக, இந்தத் தடவை நான் ஓரமாகத்தான் உட்கார்ந்தேன்.