பங்குக் கிணறு

எனக்கு வாழைத்தோட்டம் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். நான் விவசாயத்துக்கு எதிரி என்று துடியலூர் பக்கம் பேசிக்கொள்கிறார்களாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து மண்ணில் கிடந்தவன் நான். போதும் என்று தோன்றியது, விற்க நினைத்தேன்.

என் தோட்டத்தின் நடுவே ஓர் ஓடை போகிறது. மலையில் பெய்கிற மழை அதன் வழியாகத்தான் குளத்துக்குப் போகும். வீட்டுமனைகளாகப் பிரித்து சைட் போட வேண்டுமென்றால் அதை மூடியாக வேண்டும். பக்கத்துத் தோட்டம் என் சித்தப்பா மகன் சசிதருடையது. ஓடையை மூடினால் கீழே இருக்கிற தோட்டமெல்லாம் காய்ந்துவிடும் என்று கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டான். அவன் சொன்னது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சரவணம்பட்டியில் நிலத்தை விற்றவர்களை யாராவது கேட்டார்களா? இப்போது அங்கே அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும் என்பதற்காக, நான் மட்டும் என் நிலத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டுமாம். எரிச்சலாகத்தான் இருந்தது.

இவ்வளவு நடந்தும் சசிதர் என்னிடம் ஒரு நாளும் மரியாதை குறைவாகப் பேசியதில்லை. அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு. இந்தச் சித்திரையில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. அடியில் தழை மக்கி, குழாய் வாயை அடைத்திருக்க வேண்டும். நெடுநாள் ஆள் இறங்காத ஆழக் கிணற்றில் விஷக்காற்று தங்கியிருக்கும். அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பான். எரிந்தால் இறங்கலாம், அணைந்தால் கூடாது. மூத்தவன் சொன்ன பிறகு இளையவன் எட்டிப் பார்க்க மாட்டான். பார்த்தால் அண்ணனை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

விளக்கை நான் இறக்கினேன். சசிதர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எரியுதுங்களாண்ணா?"

"எரியுது கண்ணு. எறங்கு."

இரும்பு ஏணியில் கொஞ்ச தூரம் இறங்கியவன் நிமிர்ந்து பார்த்தான். "கேஸு அது பாட்டுக்கு நடக்கட்டுங்ண்ணா. தண்ணி மொதல்ல உங்க வாழைக்கே உட்டுர்றேன்."

அப்போது கூப்பிட்டிருந்தால் ஏறி வந்திருப்பான். எனக்குக் கோபம்தான் வந்தது. என் தண்ணீரை எனக்கே தானம் செய்கிறான். நான் சும்மா நின்றேன். அவன் இன்னும் கீழே போனான்.

விழுந்த சத்தம் கேட்டு, மோட்டார் ரூமிலிருந்து மெக்கானிக் இல்யாஸ் ஓடி வந்தார். கீழே முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஏணியில் கால் வைத்ததும் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்காதீங்க இல்யாஸ். வெளக்கு பாதியிலேயே அணைஞ்சுபோச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார். "எப்பங்க அணைஞ்சுது?"

"சசி எறங்கறதுக்கு முன்னாலயே" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அவர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. சசிதரைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் இல்யாஸின் உயிரைக் காப்பாற்றியதும் நான்தான். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.