வண்டிக்காரச் சாமியின் மரணப் பதிவு

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர், காகிதமெல்லாம் பறக்கிறது. காகிதம் விஷயத்தில் நான் கவனமான ஆள். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தினேன். முதல் வகுப்பிலேயே ‘ஆதாரம் எங்கே?’ என்று கரும்பலகையில் எழுதுவேன். பையன்கள் அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். உள்ளூரப் பெருமைதான்.

சாமி நம்பிக்கை எனக்குக் கிடையாது. ஆனால் விழிதியூர் வண்டிக்காரச் சாமியைப் பற்றிய ஒரே புத்தகம் என்னுடையது. 1897 மாசி மகத்தன்று அவர் உயிரோடு குழியில் இறங்கிச் சமாதியானார் என்று அதில் நிறுவியிருக்கிறேன். பூசாரியின் பாட்டனார் சொன்னாராம். அதற்கு ‘வாய்மொழி ஆவணம்’ என்று பெயர் வைத்தேன். குருபூசைதோறும் சால்வை போடுவார்கள். நம்பிக்கை இல்லாதவனுக்கும் தோள் உண்டே.

போன வருடம் விஷ்ணுப்ரியா என்கிற ஆய்வு மாணவி வந்தார். இங்கே பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்து மரணப் பதிவேட்டில் சாமியைக் கண்டுபிடித்திருந்தார். வண்டியோட்டி, வயது ஐம்பத்திரண்டு, ஆஸ்பத்திரியில் இறப்பு. அதுவும் என் புத்தகத்தில் நான் அவரைக் குழிக்குள் இறக்கி நாற்பது நாள் கழித்து. பதிவறையில் படம் எடுக்க அனுமதியில்லை, கையால் எழுதி வந்திருந்தார். ஒருமுறை நான் பார்த்து உறுதிசெய்தால் கட்டுரையில் என் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னார். மரியாதையான பெண்.

போனேன். பதிவறையின் தற்காலிக ஊழியர் அஞ்சுகம்தான் ஏட்டை எடுத்து வைத்தார். விழிதியூர்க்காரர், சாமியின் பக்தை. விஷயம் தெரியுமா என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டிச்சு சார். ஆஸ்பத்திரியில செத்தா என்ன, சாமி சாமிதானே. எங்கப்பாகூட ஆஸ்பத்திரியிலதான் போனாரு.”

பிறகு எனக்கு டீ வாங்கப் போனார். தாள் பழசு. கிழித்தபோது சத்தம்கூட வரவில்லை.

பக்கம் காணோம் என்று தெரிந்ததும் விசாரிக்க ஒரு நிபுணர் தேவைப்பட்டார். இந்த ஊரில் பழைய பிரெஞ்சு ஏடுகளை வாசிக்கத் தெரிந்தவன் நான். வருகைப் பதிவில் என் பெயர் இருந்ததை அதற்குக் கூடுதல் தகுதியாக எடுத்துக்கொண்டார்கள். பக்தி முற்றி அஞ்சுகம்தான் எடுத்திருப்பார் என்று எல்லோருக்கும் தோன்றியது. நான் மறுக்கவில்லை.

அஞ்சுகம் சமாதியில் என் கண்முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்.

“நான் தொடல சார். ஒங்களுக்கு டீ வாங்கப் போறப்ப அது இருந்துச்சு.”

‘கற்பூரச் சத்தியம் வரலாற்றுச் சான்று ஆகாது’ என்று அறிக்கையில் எழுதினேன். ஆய்வு முறைப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

வேலை போயிற்று. சாமியின் ஏட்டையே கிழித்தவள் என்று குருபூசைச் சமையலில் கைவைக்க விடவில்லை. குருபூசையன்று சாயங்காலம் அரசலாற்றிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள். அந்த நேரத்தில் நான் மேடையில், நம்பிக்கையும் ஆய்வும் எங்கே கைகுலுக்குகின்றன என்று பேசிக்கொண்டிருந்தேன். நல்ல கைதட்டல்.

போன மாதம் விஷ்ணுப்ரியாவுக்கு பிரான்சிலிருந்து அதே பக்கத்தின் நகல் வந்துவிட்டது. இங்கே எழுதிய ஏடுகளுக்கு அங்கே ஒரு மறுபிரதி உண்டு. அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவனே நான்தான். கிழிக்கும்போது நினைவுக்கு வரவில்லை.

இந்த உறைக்குள் இருப்பது அசல். எரிக்க மனம் வரவில்லை, ஆவணமாயிற்றே.

பக்கத்தைக் கிழித்தது நான். பழியை அஞ்சுகத்தின் தலையில் வைத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: எனக்காக எதுவும் செய்யவில்லை. அஞ்சுகம் மாதிரி எளிய மனிதர்களின் நம்பிக்கை உடைந்துவிடக் கூடாதே என்றுதான் செய்தேன்.