குண்டூசி ஏறாத ஊர்

ஏறும் கடலுக்கும் இறங்கும் கடலுக்கும் இடையே இமைகொட்டாமல் நின்ற எங்கள் இணையிலாக் காவலரே! மணியொன்றைக் கையிலேந்தி மாகடலை முந்திய மாதரசியே! பிரெஞ்சில் வரவேற்று, ஆங்கிலத்தில் அதட்டி, ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் பேரைச் சேறு படிந்த செருப்போடு கரையேற்றிய கருணைக் கடலே! கடல் என்றால் தாங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்பதால், கருணைக் கரையே!

பிளாக்மோர் முனை வருகையாளர் நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றி, இப்பருவத்தின் கடைசி நாளாகிய இன்று ஓய்வுபெறும் திருமதி ஒடீல் மெலான்சோன் அம்மையார் அவர்களுக்கு, உடன்பணியாற்றிய நாங்கள் உள்ளம் உவந்தும் அதைவிட அதிகமாக உள்ளம் உடைந்தும் வாசித்தளிக்கும் மடல் இது. எழுதும் வேலை படிக்கட்டுக் காவலனாகிய வெண்டெல் ஸ்டீவ்ஸ் என் தலையில் விழுந்தது. நூற்றுப் பன்னிரண்டு படிகளை நாளுக்குப் பத்துமுறை ஏறியிறங்கியவனுக்கு மூச்சு நீளம், ஆகவே வாக்கியமும் நீளமாக இருக்கும் என்று இவர்கள் நினைத்துவிட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

அம்மையீர்! கனடாவின் நியூ பிரன்சுவிக் என்னும் இந்த மாகாணத்தைத் தாங்கள் நாக்கு நுனியில் வைத்திருந்தீர்கள். நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் காடு என்பீர்கள். நாட்டிலேயே பிரெஞ்சும் ஆங்கிலமும் இரண்டும் ஆட்சிமொழியாய் அமைந்த ஒரே மாகாணம் என்று இரு மொழியிலும் சொல்வீர்கள். ஹார்ட்லண்டில் இருக்கும் உலகிலேயே நீளமான கூரைப் பாலத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தால் நினைத்தது நடக்கும் என்று சொல்லிவிட்டு, “காரை ஓட்டுறவர் மட்டும் மூச்சு விட்டுக்குங்க” என்று சேர்ப்பீர்கள். மோங்க்டன் மேட்டில் கார் தானாக மேலேறுவதாய்த் தோன்றும் விந்தையையும், செயிண்ட் ஜானில் ஆறு வந்த வழியே திரும்பி ஓடும் வேடிக்கையையும், குளிர்காலத்தில் காரில் காம்போபெல்லோ தீவுக்குப் போக அமெரிக்காவுக்குள் நுழைந்து வெளியே வரவேண்டிய கூத்தையும் தாங்கள் சொல்லக் கேட்டவர்கள், நேற்றுத்தான் நடந்ததுபோல் வாய்பிளந்து நிற்பார்கள். டல்ஸ் என்னும் உலர்ந்த கடற்பாசியை வாயில் போட்டுக்கொண்டு முகம் சுளிப்பவர்களிடம், “மெல்லுங்க, மெல்லுங்க, மூணாவது நிமிஷத்துல பிடிச்சுப்போகும்” என்று வாக்குறுதி கொடுத்துவிட்டு, இரண்டாவது நிமிடத்தில் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவீர்கள்.

நேர்மையிலும் தங்களுக்குத் தாங்களே நிகர். உலகத்திலேயே உயரமான கடலேற்றம் இங்கேதானே என்று யாராவது ஆசையாய்க் கேட்டால், மேலாளர் கண்ஜாடை காட்டக் காட்ட, “வளைகுடா ஒண்ணுதான், ஆனா அந்தச் சாதனை எதிர்க்கரையில, நோவா ஸ்கோஷியாவுல. நமக்கு நாலு மாடி உயரம். முழுகிப்போறதுக்கு அது போதாதா?” என்றீர்கள். டொராண்டோவிலிருந்து வந்த ஒருவர், “கடலை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவீங்க?” என்று கேட்டபோது, “உக்காருங்க, நிலாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்றேன்” என்றதும் தாங்களே. அவர் உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்பதை இங்குள்ளோர் இன்றும் மறக்கவில்லை.

எல்லாவற்றையும்விட எங்கள் காதில் என்றும் ஒலிப்பது அந்த மணி. கடல் இறங்கிய வேளையில் பாறைத் தூண்களுக்கிடையே கடலின் தரையிலேயே மக்கள் உலவுவார்கள். கடல் திரும்புமுன் அவர்கள் படியேற வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு முன் மணியடித்தால் போதும் என்பது நிலைய விதி. தாங்களோ முக்கால் மணி நேரத்துக்கு முன்பே அடிப்பீர்கள். அதன்பின் கடைசிப் படியில் நின்று தலைகளை எண்ணுவீர்கள். எல்லாரும் ஏறியாயிற்று என்று நான் சத்தியம் செய்தாலும், “இல்ல வெண்டெல், இன்னும் ஒருத்தர் இருக்காங்க” என்று நீர் காலைத் தொடும்வரை பாறை மறைக்கும் அந்தக் கரை வளைவைப் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். சில நாள் உண்மையிலேயே ஒருவர் இருப்பார். பல நாள் யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தோடு நான் நிறுத்திக்கொண்டு, நீடூழி வாழ்க என்று முடித்திருக்க வேண்டும். சட்டம் போட்டு மாட்டும் மடலில் சொந்தக் கதை எழுதலாமா என்று மேலாளர் கேட்டார். எழுதலாம் என்பது என் முடிவு. திட்டுவதானால் திட்டுங்கள், அம்மையீர். நாளை முதல் தங்கள் திட்டுக்காக ஏங்கப்போகிறவர்கள் நாங்கள்தாம்.

நிலையத்தின் வடக்குச் சுவரில் இருக்கும் வரைபடத்தை அனைவரும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வருகிறவர்கள் தத்தம் ஊரில் ஒரு குண்டூசி குத்த வேண்டும் என்பது அம்மையார் கொண்டுவந்த வழக்கம். முப்பத்தோராண்டுகளில் மூன்று வரைபடங்கள் சல்லடையாகிக் கிழிந்தன, இது நான்காவது. டோக்கியோவில் ஊசி குத்த இடமில்லை. ஆனால் சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்மேற்கில், வில்லோ கிராசிங் என்ற சிற்றூர், நான்கு வரைபடங்களிலும் வெறுமையாகவே இருந்துவிட்டது.

நம் சமையற்காரர் ஜீல், பணியில் சேர்ந்த புதிதில், வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே ஒரு சிவப்பு ஊசியைக் குத்திவைத்தார். தாங்கள் வந்து பார்த்தீர்கள்.

“யாரு ஜீல் இதைக் குத்துனது?”

“நான்தான் ஒடீலம்மா, சும்மா ஒரு அழகுக்கு.”

“வந்தவங்கதான் குத்தணும். வராதவங்களுக்காக யாரும் குத்தக் கூடாது.”

ஊசியைப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டு, அன்று முழுதும் தாங்கள் யாரோடும் பேசவில்லை. ஜீல் பயந்துபோய் மீன் சூப்பில் இருமுறை உப்புப் போட்டார். காரணம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் இருபத்து மூன்றாண்டுகளுக்கு முன், தங்கள் தாயாரின் சவப்பெட்டியை ஏற்றிய டிராக்டரை ஓட்டியவன் நான்.

செயிண்ட் ஆன் திட்டின் கல்லறைக்குப் பாதை கடலின் தரைமேல்தான் போகிறது. கடல் இறங்கியிருக்கும் கொஞ்ச நேரத்தில் போய்த் திரும்ப வேண்டும். தங்கள் தம்பி குளோவிஸ், சஸ்காச்சுவானில் தாம் குடியேறிய அதே வில்லோ கிராசிங்கிலிருந்து முந்தின நாளே புறப்பட்டு, விடிகாலை விமானத்தில் வந்து இறங்கினார். அந்த மாகாணத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. நாலு பக்கமும் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட எல்லை. ஆறோ மலையோ கடலோ எதுவும் எல்லையில்லை. இன்னொன்று, அங்கே கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கம் கிடையாது. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம். கோடையில் நாம் மட்டும் முள்ளைத் தள்ளிவைப்பதால் அது மூன்றாகும். கிறிஸ்துமசுக்கு மட்டுமே ஊர் வந்து பழகியவர், கைக்கடிகாரத்தில் இரண்டு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டார். அது ஜூன் மாதம். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி, சாலையோரத்தில் காரை நிறுத்தி, அம்மாவுக்குப் பிடித்த ஊதா லூபின் பூக்களைப் பறித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் அடக்கம் முடித்துத் திரும்பி வருகிறோம். எங்கள் குதிகாலைத் தொட்டுக்கொண்டே தண்ணீர் பாதையை மூடுகிறது. கைநிறையப் பூவோடு அவர் சரளைக் கல்லில் ஓடி வந்தார்.

“அக்கா, ஒரே ஓட்டமா போய்ப் பூவ வச்சுட்டு வந்துடறேன்.”

“போனா திரும்ப முடியாது. தண்ணியப் பாரு.”

“எனக்காகக் கொஞ்சம் நிறுத்தியிருக்கக் கூடாதா?”

“கடிகாரத்தக்கூடத் திருப்பத் தெரியாதவனுக்கு அம்மா எதுக்குடா?”

தடுத்தது சரி. போயிருந்தால் அவரையும் இழந்திருப்போம். சொன்ன சொல் சரியல்ல. அது தங்களுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது, முகத்தில் பார்த்தேன். ஆனால் அவர் பூவைத் தண்ணீரில் போட்டுவிட்டு, “உனக்குத் தண்ணிதான் சொந்தம், நான் இல்ல” என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார். அதற்குப்பின் அவர் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு மழைநாளில், பார்வையாளர் எவரும் இல்லாத நேரத்தில், தேநீரை ஆறவிட்டுக்கொண்டு தாங்கள் என்னிடம் ஒன்று சொன்னீர்கள். “அடுத்த இறக்கம் பன்னெண்டரை மணி நேரத்துல வந்திருக்கும் வெண்டெல். தள்ளிப்போட்டிருக்கலாம். அம்மாவுக்கு என்ன அவசரம்?” அன்று டிராக்டரின் சாவி என் கையில்தான் இருந்தது. நானும் நிறுத்தவில்லை.

மணி முக்கால் மணி நேரம் முந்தியதன் காரணம் இதுதான், நண்பர்களே. வாகன நிறுத்தத்தில் சஸ்காச்சுவான் எண்பலகை தெரிந்தால், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு அம்மையார் சன்னலோரம் போவதும் இதனால்தான். யாரோ ஒரு குடும்பம் இறங்கும். “போன்ஜூர், ஹலோ, வாங்க வாங்க” என்று அதே சிரிப்போடு அவர் திரும்பி வருவார். எந்த ஊர் என்று கேட்பார். ரெஜைனா என்பார்கள், சாஸ்கட்டூன் என்பார்கள். குத்துங்கள் என்று ஊசியை நீட்டுவார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எங்களால் முடியாது. ஜீல் அடுக்களைக்குள் போய்விடுவார், நான் படிக்கட்டைப் பெருக்கப் போய்விடுவேன். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? நிலையமே சேர்ந்து ஏங்கியது, அம்மையீர்.

போன மாதம் நான் ஒரு குற்றம் செய்தேன். வில்லோ கிராசிங்கிலும் ஒரு வருகையாளர் நிலையம் இருப்பதாகக் கண்டுபிடித்து, தாங்கள் கடலின் தரையில் இருந்த வேளையில், தங்கள் மேசைத் தொலைபேசியிலிருந்தே கூப்பிட்டேன். வெர்னா என்றொரு பெண்மணி எடுத்தார். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னதும், “பிளாக்மோர் முனையா? அட, இருங்க இருங்க, நாற்காலிய இழுத்துப் போட்டுக்கறேன்” என்றார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிவைத்திருக்கிறேன்.

“எங்ககிட்டயும் சுவத்துல ஒரு வரைபடம் இருக்குங்க. குளோவிஸ் சனிக்கிழமை தவறாம வருவாரு. காபியக் கையில வச்சுக்கிட்டு நேரா கிழக்கு ஓரத்துக்குப் போவாரு. உங்க ஊரு பேரச் சொல்லி, அங்கேருந்து இன்னும் யாரும் வரலியான்னு கேப்பாரு. இல்லைம்பேன். நீங்களே உங்க பொறந்த ஊர்ல ஒண்ணு குத்திக்குங்களேன்னா, அதெப்படி, அங்கேருந்து வர்றவங்கதான் குத்தணும்னுடுவாரு.”

நான் தொலைபேசியை வைக்கப் போனேன். வெர்னா விடவில்லை.

“இன்னொண்ணு கேளுங்க. அவரு கையில ரெண்டு கடிகாரம் கட்டியிருப்பாரு. ஒண்ணு எங்க நேரம். இன்னொண்ண வசந்தத்துல ஒரு தடவ முன்னால தள்ளுவாரு, நவம்பர்ல ஒரு தடவ பின்னால இழுப்பாரு. இந்த மாகாணத்துலயே யாரும் கடிகாரத்தத் தொடறது கிடையாது. உங்களுக்கு என்ன பைத்தியமான்னு நாங்க சிரிப்போம். அவரும் கூடச் சேந்து சிரிப்பாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாங்கள் படியேறி வந்து, “ஏன் வெண்டெல் கண்ணு செவந்திருக்கு?” என்று கேட்டீர்கள். காற்றில் மணல் என்று சொன்னேன். அன்று காற்றே இல்லை.

நான் பேசியதைக் குளோவிசிடம் சொல்ல வேண்டாம் என்று வெர்னாவைக் கேட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியவர் நானல்ல. அடுத்த மாதம் முதல் ஞாயிறன்று அவர் அந்த இரண்டாவது கடிகாரத்தைப் பின்னால் இழுக்க வேண்டும். இம்மடலோடு வைத்திருக்கும் பயணச் சீட்டு, தங்களை அதற்கு முந்தின சனிக்கிழமை காலை, காபி நேரத்துக்குச் சற்று முன்னதாக, அங்கே கொண்டுசேர்க்கும். மறுக்க வேண்டாம். சீட்டின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஜீல் அன்று குத்தி, தாங்கள் பிடுங்கிய அதே சிவப்புக் குண்டூசி. அவர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதை அங்கே, அவர்கள் சுவரில், நம் கரையின் ஓரத்தில் குத்துங்கள். போனவர்தாம் குத்த வேண்டும். விதி தங்களுடையது.

வளைகுடா வற்றாத நாள்வரை தங்கள் புகழ் வற்றாதிருக்க! தங்கள் முழங்கால் வலி நீங்கி, மூச்சு நீண்டு, பனிக்காலம் கணப்பருகே இனிதே கழிந்து, பல்லாண்டு பல்லாண்டு நலமும் வளமும் பெற்றுத் தாங்கள் வாழ்க! இனி அந்த மணியை யார் அடித்தாலும் அது எங்களுக்குச் சற்றுத் தாமதமாகவே கேட்கும். வரும் மே மாதம் கதவு திறக்கும்போது சன்னலோரம் தாங்கள் இல்லாத இடத்தை நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை.

இன்று பிற்பகல் மூன்றரைக்குக் கடல் திரும்புகிறது. கடைசி மணியைத் தாங்களே அடித்துத் தாருங்கள். எல்லாரையும் கரையேற்றியபின் தலைகளை எண்ணுங்கள். எல்லாரும் வந்தாயிற்று என்று இன்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னும் ஒருத்தர் இருக்கிறார், ஒடீலம்மா. போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
படிக்கட்டிலும் அடுக்களையிலும் வாசலிலும் தங்களுக்காகக் காத்திருக்கும்
பிளாக்மோர் முனை வருகையாளர் நிலையப் பணியாளர்கள்