தண்ணீருக்கு வெளியே எட்டு மாதம்

அக்கா: இரு, இரு! கடிகாரத்தை இன்னொரு தடவை பாத்துக்கறேன்.

தங்கை: இது அஞ்சாவது தடவைக்கா. அம்பது மீட்டர் நீச்சல், இருபத்தெட்டு புள்ளி ஒம்பது செகண்டு. மொத இடம். போதுமா?

அக்கா: ரெண்டு வருஷமா முப்பதுலயே ஒட்டிக்கிட்டுக் கிடந்தவடி நீ!

தங்கை: துண்டைக் குடேன்... நடுங்குது.

அக்கா: குளிரா?

தங்கை: சந்தோஷம்... சரி, குளிரும்தான்.

அக்கா: இந்தா. என்னடி இது, தோளு மரக்கட்டை மாதிரி...

தங்கை: கையை எடு, கூசுது!

அக்கா: உள்ளங்கையைக் காட்டு. காட்டுடி! காய்ச்சுப் போயிருக்கே. நீந்தினா கை ஊறும்... காய்க்காது.

தங்கை: கிளினிக்ல நாற்காலி நகர்த்தி...

அக்கா: பல் டாக்டர்கிட்ட சீட்டு எழுதறவளுக்கு அவ்ளோ நாற்காலியா? வாரம் மூணு நாள் ஓவர்டைம்னியே...

தங்கை: கிளினிக் மாடியிலதான்க்கா ஜிம்மு.

அக்கா: அடிப்பாவி!

தங்கை: திட்டாத. எடை தூக்கினா உடம்பு இறுகிடும், கல்லு மாதிரி முழுகிடுவன்னு நீதானே சொன்ன? அதான் மறைச்சேன்.

அக்கா: சொன்னேன்...

தங்கை: மொத மாசம் நீ சொன்னதுதான் சரின்னு நெனச்சேன். உடம்பெல்லாம் வலி. வேகம் இன்னும் குறைஞ்சுது. குளியலறையில உக்காந்து அழுதேன்.

அக்கா: முப்பத்தொண்ணு வந்துச்சே... காய்ச்சல்னு புளுகின!

தங்கை: வேற என்ன சொல்ல? அப்புறம் ஒரு நாள், சுவரை உதைச்சுத் திரும்பறேன்... சும்மா வழுக்கிட்டுப் போறேன்க்கா! ரெண்டு கை வீசிப் போற தூரம், வீசாமலே போயிட்டேன்.

அக்கா: தொடையில பலம் வந்திருக்கு.

தங்கை: ஆமா. பாரத்தைத் தோள்ல வெச்சு உக்காந்து உக்காந்து எந்திரிச்சேனே. கம்பியில தொங்கி மேல ஏற மொதல்ல ஒரு தடவைகூட முடியல. இப்போ ஒம்பது!

அக்கா: கடைசி பத்து மீட்டர்ல உனக்கு எப்பவும் இடுப்பு தொங்கிடும். இன்னைக்கு தொங்கவே இல்ல. வாயைப் பொளந்துட்டு நின்னேன்.

தங்கை: பக்கத்துல நீந்தினவ?

அக்கா: உன் கால் கிளப்பின நுரையத்தான் பாத்திருப்பா, பாவம்.

தங்கை: ஹா! ஆனா... இந்தக் குளத்துல உன் ரெக்கார்டும் போச்சேக்கா. பதினாலு வருஷம். கோவமா?

அக்கா: போனா போகட்டும்டி.

தங்கை: எனக்கு எட்டு மாசம் இரும்பு தேவைப்பட்டுச்சு. நீ எப்படிக்கா வெறும் நீச்சல்லயே அந்த வேகத்துக்கு வந்த?

அக்கா: அந்தத் துண்டை இங்க குடு, பிழிஞ்சு வைக்கறேன்.

தங்கை: ஏன் முகத்தைத் திருப்பிக்கற?

அக்கா: வெறும் நீச்சல்னு யாருடி சொன்னது? ஒரு வருஷம் முழுக்க தூக்கினேன்... யார்கிட்டயும் மூச்சு விடல. நீயும் தூக்கினா என்னைத் தாண்டிடுவன்னு தெரியும். அந்தப் பயத்துலதான் முழுகிடுவன்னு சொல்லி வெச்சேன். ஆனா இன்னைக்கு நீ சுவரைத் தொட்டப்போ... இந்த இடமே அதிர கத்தினது யாருன்னு நெனச்ச? நான்தான்டி!