நெவில் நேரில் வந்து ஆடிய வியாழக்கிழமை

வியாழக்கிழமைகளில் புல்வெளியில் பந்துருட்டி ஆடும் எங்கள் பௌலிங் கிளப்பில், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழி ஷ்னிட்சல் நன்றாக இருக்கும், சார்ஜென்ட். ஒரு மதியம் நீங்களும் வந்து பார்க்கலாம். சாப்பாடு முடிந்ததும் போக்கர் சீட்டாட்டம் தொடங்கும். அதற்கு நான்தான் செயலாளர். முப்பத்தொரு ஆண்டுகள் நகராட்சியில் நாய்களுக்கு உரிமம் வழங்கியவன் என்பதால், விதிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்கள்.

ஜூன் மாதத்தில் நெவில் ட்ராஸ்க் நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் படுத்தான். அவனுடைய நாற்காலி காலியாக இருப்பதைப் பொறுக்காமல், பாரைக் கவனிக்கும் மௌரீன் அதில் ஒரு டேப்லெட்டை நிறுத்தினாள். அவன் படுக்கையிலிருந்து திரைவழியே ஆடினான். அவனுடைய சீட்டுகளை மௌரீன் கண்களை இறுக மூடிக்கொண்டு திரைக்குக் காட்டுவாள்.

இந்த நாட்டில் ஒரே மேசையில் நேருக்கு நேர் அமர்ந்து ஆடுவதற்கு இடமுண்டு. இணையத்தில் போக்கர் நடத்திக் கொடுப்பது குற்றம். ஆடுகிறவனைச் சட்டம் விட்டுவிடும், நடத்துகிறவனைத்தான் பிடிக்கும். நடத்துகிறவன் நான்.

"நுழைவுக் கட்டணமே இல்லாத ஆட்டம், டெஸ். இதைப் பிடிக்க எவன் வரப்போறான்?" என்றாள் மௌரீன். "நாய்க்கு லைசென்ஸ் குடுத்துக் குடுத்து நீயே கழுத்துல பட்டை மாட்டிக்கிட்ட."

அவளை நான் மன்னித்துவிட்டேன். சட்டத்துக்கு உட்பட்ட வழி ஒன்றே இருந்தது: நெவிலை நேரில் அழைத்து வருவது. சென்ற வியாழன், செவிலியர்கள் தேநீர் அருந்தும் வேளையில், அவனையும் அவனுடைய ஆக்சிஜன் இயந்திரத்தையும் என் வண்டியில் ஏற்றினேன். ஆசையாகத்தான் வந்தான். காட்டுத்தீ துரத்தியபோதும் வேலிக்கடியில் குழி பறிக்காமல், முறையான வாசலைத் தேடி நடந்த வளை தோண்டும் விலங்கான ஒரு வொம்பட்டின் கதையை வழியில் சொன்னேன்.

"அது பொழச்சுதா?" என்று கேட்டான்.

"வேலிக்கு ஒரு சேதமும் இல்ல."

"ஒங்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு," என்று சிரித்தான். பிறகு வெகுநேரம் இருமினான்.

கடைசி ஆட்டத்தில் எங்களோடு ஆடிய மற்ற இருவரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, பீர் வாங்க மௌரீனிடம் போனார்கள். நானும் நெவிலும்தான் மிஞ்சினோம். அப்போதுதான் இயந்திரத்தில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டுவதைக் கண்டேன். அது இணையம் வழியாக மருத்துவமனைக்குத் தகவல் அனுப்பும் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருந்தது. அதாவது, மேசையில் அமர்ந்தபடியே அவன் இணையத்தில்தான் இருந்தான். எழுந்து போய், சுவரில் செருகியிருந்த ப்ளக்கைப் பிடுங்கினேன்.

"டெஸ்... மாட்டுடா."

"மொதல்ல ஆட்டம் முடியட்டும்ப்பா. உன் முறைதான்."

யோசிப்பதற்கு ஒருவருக்கு இரண்டு நிமிடம் உண்டு. அவனுக்கு நான் நான்கு நிமிடம் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மௌரீன் திரும்பி வந்தபோது அவன் இறந்திருந்தான். விரல்களை விலக்கித்தான் சீட்டுகளை எடுக்க முடிந்தது. ராணிகள் இருந்தன, ஆனால் ஆடுகிறவன் தானே திருப்பிக் காட்டாத சீட்டு எங்கள் விதிப்படி செல்லாது.

ஆம், கொன்றது நான்தான். ஏழு வியாழக்கிழமைகள் தொடர்ந்து திரைக்குள்ளிருந்தே அவன் என்னைத் தோற்கடித்தான் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்றைய பரிசு ஒரு தட்டு ஆட்டிறைச்சி. அதை மௌரீன் இன்னும் என்னிடம் தரவில்லை. அவள்மீது ஒரு புகார் கொடுக்க வேண்டும், இதே தாளில் எழுதலாமா?